பால் வட்டலப்பம்

உணவுக்கு ஊர்ப்பெயர் உண்டு என்பதை யாவரும் அறிவர். அல்வா என்றதும் திருநெல்வேலி நினைவுக்கு வருகிறது. தொதல் என்றதும் கீழக்கரை வருகிறது. முறுக்கு என்றதும் மணப்பாறை வந்து நிற்கிறது. ஊரைச் சொல்லி உணவைப் புகழ்வதில் ஓர் இனிமையும் உண்டு. ஆனால் உணவுக்குப் பகையும் நட்பும் உண்டா, அயலான் சமைத்த முறையில் சமைத்ததால் ஒரு பண்டம் அயலானுடையதாகிவிடுமா என்ற வினா எழும்போது செய்தி வேறாகிவிடுகிறது. அவ்வினா நம் குடும்பத்திலேயே, பெருநாள் விருந்தின் நடுவிலேயே எழுந்தது. அதற்கு விடை தேடப் புகுந்த நாம், சேர்வராயன் மலையிலிருந்து போர்ச்சுக்கல் நாட்டின் எல்வாஷ் நகர்வரை ஏடுகளின் வழியே சென்று மீள வேண்டியதாயிற்று.

பேச்சுக்குரிய பண்டம் வட்டலப்பம். கடற்கரை முஸ்லிம் ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்நாட்டு வாசகர்களுக்காகச் சில சொற்கள்: முட்டையை அடித்து, கெட்டியான தேங்காய்ப்பாலில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து, ஏலமும் சாதிக்காயும் இட்டு, வட்டிலில் ஊற்றி ஆவியில் வேகவைப்பது. வெந்து ஆறியபின் கத்தியால் துண்டு போடலாம். நாவில் வைத்தால் கரைந்துவிடும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இது பெருநாள் பண்டம். இலங்கை முஸ்லிம்களிடையே இதற்கு இன்னும் பெரிய மரியாதை. அங்கே கித்துள் மரத்துக் கருப்பட்டி இடுவார்கள். வட்டிலில் வார்க்கும் அப்பம் ஆதலின் வட்டிலப்பம் என்றிருந்து வட்டலப்பம் ஆயிற்று என்பது பலர் கூறும் சொல்விளக்கம். பண்டம் இலங்கைக்கு வந்த வழியை ஆய்ந்தோர், டச்சுக்காரர் காலத்தில் சாவகம் முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மலாய் மக்களைச் சுட்டுகின்றனர். கீழக்கரைத் தொதலும் பெயரால் மலாய் நாட்டுத் தோடோலே. கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் சென்றுவந்த நம் முன்னோர் பொருளோடு சுவையையும் ஏற்றிவந்தனர் என்பதில் வியப்பில்லை.

நம் தமக்கையார் கீழக்கரையில் பிறந்தவர். 1974ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், ஏற்காட்டு மலையில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார். காப்பித் தோட்டங்களுக்கு அரிசியும் பருப்பும் சீமையெண்ணெயும் கொண்டுபோய்க் கொடுப்பது மச்சானின் தொழில். தலைச்சோலையில் வீடு. கடலோசை கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிய அம்மலை வேறோர் உலகம். சவுக்கு மரங்கள் நிறைந்த அம்மலைச் சரிவு, மிளகுக்கொடி படர்ந்த நிழல்மரங்கள், கீழே காப்பிச் செடிகள், மாலையானால் வாசலுக்கே வந்துவிடும் மூடுபனி. அங்கே அவர் கண்ட முதற்பெருநாளில் வட்டலப்பம் செய்யத் தேங்காய் இல்லை. நாலாயிரத்து எண்ணூறு அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் தென்னை காய்ப்பதில்லை. சேலத்திலிருந்து மேலேற வேண்டும். மழையோ மரம் விழுந்த தடையோ வந்தால் பேருந்தும் இல்லை, தேங்காயும் இல்லை.

கொல்லையில் பசு நின்றது. ராத்தா பாலைக் காய்ச்சிச் சுண்டவைத்தார். கருப்பட்டியின் மணம் பசும்பாலோடு ஒட்டவில்லை என்று கண்டு சர்க்கரையைப் பாகாக்கிச் சேர்த்தார். சாதிக்காய் கிடைக்காதபோது பட்டையைத் தட்டிப் போட்டார். அன்று பிறந்தது, எங்கள் குடும்பத்தார் பால் வட்டலப்பம் என்று அழைக்கும் பண்டம். பின்னாளில் சாலை திருந்தி, தேங்காய் நாள்தோறும் வரத்தொடங்கிய பிறகும் அவர் மாற்றவில்லை. கீழக்கரையிலிருந்து வரும் உறவினர், "இதுவெல்லாம் வட்டலப்பமா?" என்று சிரிப்பதுண்டு. அதற்கு அவர் சொல்லும் விடை ஒன்றே: "தேங்காய் சேலத்திலிருந்து வரவேண்டும்; பால் கொல்லையிலேயே இருக்கிறது. பெருநாள் எதற்காகக் காத்திருக்கும்?"

மலைக்கும் இப்பண்டத்துக்கும் இன்னொரு பொருத்தமும் உண்டு. முட்டை கலந்த பால் மெதுவான சூட்டில் உறையவேண்டும். சூடு மிகுந்தால் முட்டை இறுகி, நீரைக் கக்கி, உள்ளே துளை துளையாக நின்றுவிடும். கடற்கரையில் நீர் நூறு பாகையில் கொதிக்கிறது. ஏற்காட்டு உயரத்தில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஆவியின் சூடு அங்கே சற்றுக் குறைவு. வேகும் நேரம் கூடும். ஆனால் பண்டம் பட்டுப்போல் வரும். பள்ளியில் பௌதிகம் படிக்காத ராத்தா இதை, "இம்மலையின் நெருப்புக்குப் பொறுமை அதிகம்" என்ற ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

பெருநாளன்று அண்டைவீட்டார் அனைவருக்கும் வட்டில்கள் போகும். மலைக்குடியினரான மலையாளி மக்களின் வீடுகளுக்கும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கும் போகும். வெறும் வட்டில் திரும்பி வருவதில்லை. ஆரஞ்சோ கொய்யாவோ ஒரு பிடி மிளகோ அதில் இருக்கும். இவ்வாறு அரை நூற்றாண்டு கழிந்தது. மச்சான் இறையடி சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மூன்றாம் நாள் நாம் மலைக்குப் போயிருந்தோம். கோடை மழை ஒன்று பெய்து காப்பி பூத்திருந்த வேளை. ராத்தாவின் பேரர், பத்தொன்பது வயதினர், அரபிக் கல்லூரியில் ஓதுபவர், விடுமுறைக்கு வந்திருந்தார். அறிவும் ஆர்வமும் உள்ள பிள்ளை. உணவு முடிந்து ராத்தா வட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். பேரர் கையை மடக்கிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம். இது பறங்கியருடைய பண்டம். நான் படித்துப் பார்த்துவிட்டேன். பாலும் முட்டையும் சர்க்கரையும் பட்டையும் சேர்த்து அவர்கள் கன்னிமாடங்களில் செய்வது இதுதான். நம்மைக் கடலில் வைத்து எரித்தவர்களின் பண்டத்தை நாம் பெருநாளில் உண்பதா?"

ராத்தா ஒன்றும் பேசவில்லை. வட்டிலை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் சென்றார். மூடி வைக்கும் ஓசை மட்டும் கேட்டது. எழுபதை நெருங்கும் அம்மாதரசியின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதைப் பேரர் பார்க்கவில்லை, நாம் பார்த்தோம்.

மாலையில் அவர் நம்மிடம் வந்தார். உறவுமுறையை விட்டு, "ஹஜ்ரத், நான் சொன்னதில் மார்க்க அடிப்படையில் குற்றம் உண்டா?" என்று கேட்டார். மாணவர் கேட்டால் ஆசிரியன் விடை கூறவேண்டும். அதட்டிவிட்டால் வாய் மூடும், ஐயம் மூடாது.

முதலில் அவருடைய வருத்தத்தின் நியாயத்தை ஒப்புக்கொண்டோம். அது கற்பனையன்று. 1502ஆம் ஆண்டில் மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளின் கப்பலை, ஆண் பெண் குழந்தைகளோடு வாஸ்கோ ட காமா எரித்தான். 1600இல் நான்காம் குஞ்ஞாலி மரைக்காயர் கோவாவில் கொலைத்தண்டனைக்கு ஆளானார். அக்காலக் கொடுமைகளை மலபாரின் பேரறிஞர் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் தம் துஹ்ஃபத்துல் முஜாஹிதீனில் அரபியில் எழுதிவைத்தார். மரைக்காயர் குடும்பங்கள் கடல் வாணிகத்தை இழந்து பட்ட துன்பத்தை மறக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அதனை நினைவில் வைத்திருக்கும் இளைஞனைக் கண்டு நாம் மகிழவே செய்கிறோம்.

பின்னர் சட்டத்துக்கு வந்தோம். உண்ணும் பொருளில் தடை வந்தாலன்றி ஆகுமென்பதே அடிப்படை. பால் ஆகும், முட்டை ஆகும், சர்க்கரை ஆகும். மூன்றும் சேர்வதால் ஆகாததாகிவிடாது. வேதம் அருளப்பெற்றோரின் உணவு ஆகுமென்று திருமறையின் ஐந்தாம் அத்தியாயமே தெளிவாக்குகிறது. பிற சமுதாயத்தாரைப் போன்று ஆகிவிடுதல் பற்றிய நபிமொழியை அவர் எடுத்துக்காட்டினார். அம்மொழி மெய்யே. அதனை நம் இமாம்கள், பிறர் தம் சமயத்துக்கே உரிய அடையாளமாகக் கொண்டவற்றைப் பற்றியதாக விளக்கினர். அடுப்பில் வேகும் பாலுக்கு அது பொருந்தாது. தபூக் பயணத்தின்போது பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கத்தி கேட்டு, இறைவன் பெயர் கூறி அறுத்தார்கள் என்பது அபூதாவூதில் உள்ளது. அந்தப் பயணத்தில் அவர்கள் அணிந்திருந்தது ஷாம் நாட்டு அங்கி. ஷாம் அன்று ரோமானியரின் ஆட்சியில் இருந்தது. தபூக் பயணமே அந்த ரோமானியரை எதிர்நோக்கிய பயணம். பகைவன் நாட்டுத் தையல் என்பதற்காக அங்கி களையப்படவில்லை.

பேரர் தலையசைத்தார். எனினும் முகத்தில் தெளிவு இல்லை. சட்டம் அவர் அறிவை அடைந்தது. வரலாறு அவர் நெஞ்சில் நின்றது. ஆதலின் வரலாற்றையும் பேசினோம்.

போர்ச்சுக்கலின் தென்பகுதி அலென்தேஜு. அங்கே எல்வாஷ் நகரம் ஒரு பண்டத்துக்குப் பேர்பெற்றது. அதன் பெயர் செரிக்காயா. பாலைப் பட்டையும் எலுமிச்சைத் தோலும் இட்டுக் காய்ச்சுவார்கள். மஞ்சட்கருவைச் சர்க்கரையோடு அடித்து, சிறிது மாவு சேர்த்துப் பாலோடு கிளறிக் கெட்டியாக்குவார்கள். வெண்கருவை நுரையாக அடித்து அதில் கலப்பார்கள். மண் தட்டிலோ ஈயத் தட்டிலோ கரண்டி கரண்டியாக இட்டு, மேலே பட்டைத்தூளை நிறையத் தூவி, கடுஞ்சூடான அடுப்பில் வைப்பார்கள். மேற்பரப்பு வெடித்துப் பிளக்கும். அப்பிளவே அதன் அழகு. எல்வாஷ் நகரின் சர்க்கரைப் பாகில் ஊறிய பிளம் பழத்தோடு பரிமாறுவார்கள். நம் பேரர் படித்தது இதைத்தான். ராத்தாவின் பால் வட்டலப்பத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை உண்மையில் வியப்பூட்டுவது.

ஆனால் அந்நாட்டார் தாமே இப்பண்டத்தின் வரலாற்றை எப்படிக் கூறுகின்றனர்? இது தங்கள் மண்ணில் பிறந்ததென்று அவர்கள் கூறவில்லை. இந்தியாவில் போர்ச்சுக்கீசிய அரசப் பிரதிநிதியாக 1558 முதல் 1561 வரை இருந்த கொன்ஸ்தாந்தீனு த பிரகான்சா கிழக்கிலிருந்து இதனைக் கொண்டுவந்தான் என்பது அங்கே வழங்கும் செவிவழிச் செய்தி. பெயரோ இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. மலாய் மொழியில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் பண்டத்துக்கு ஸ்ரீகாயா என்று பெயர். இன்றும் சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் ரொட்டியில் தடவித் தரும் காயா அதுவே. போர்ச்சுக்கீசியர் மலாக்காவை 1511இல் கைப்பற்றி 1641இல் டச்சுக்காரரிடம் இழந்தனர். அந்த நூற்று முப்பது ஆண்டுகளில் ஸ்ரீகாயா கப்பலேறிச் செரிக்காயா ஆயிற்று என்று கருதுவோர் பலர். தென்னை இல்லாத நாட்டில் தேங்காய்ப்பாலின் இடத்தைப் பசும்பால் பெற்றது.

இன்னொன்றும் சொன்னோம். மலாய் மொழியில் ஸ்ரீகாயா என்பது சீத்தாப்பழத்துக்கும் பெயர். சேலம் பக்கத்துக் குன்றுகளில் விளையும் அதே பழம். ஆங்கிலேயனும் அப்பழத்துக்குக் கஸ்டர்டு ஆப்பிள் என்று பாலும் முட்டையும் சேர்ந்த பண்டத்தின் பெயரையே சூட்டினான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழியார், அப்பழத்தின் சதையில் ஒரே சுவையைக் கண்டிருக்கின்றனர்.

பேரரின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் அவர்கள்தாம் நம்மிடமிருந்து எடுத்தார்கள்! பண்டம் நம்முடையதே! இனி உண்ணலாம்" என்றார்.

அந்த இடத்தில்தான் நாம் அவரைத் தடுத்தோம். வாசகர்களும் இங்கே சற்று நிற்க வேண்டுகிறோம். ஒரு பண்டம் நம்முடையது என்று நிறுவப்பட்டதால் அது ஆகுமானதாகிவிடுமா? பிறருடையது என்று நிறுவப்பட்டால் ஆகாததாகிவிடுமா? நாளையே ஓர் ஆராய்ச்சியாளர் தோன்றி, மலாக்கா மக்களே பறங்கியரிடம் கற்றனர் என்று சான்று காட்டினால், வட்டில் மறுபடியும் அடுக்களைக்குப் போகுமா? ஹலாலுக்கு வம்சாவளி கேட்கும் வழக்கம் மார்க்கத்தில் இல்லை. அது குலப்பெருமை. பெருமை தன் பக்கம் சாய்ந்தால் இனிக்கிறது; எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கசக்கிறது. அவர் நெஞ்சில் முன்பு கசந்ததும் இப்போது இனித்ததும் ஒரே பொருளே என்று எடுத்துரைத்தோம்.

மேலும் தோண்டினால் உரிமை கொண்டாட யாருக்கும் இடமில்லை. செரிக்காயாவில் இடும் சர்க்கரையைப் போர்ச்சுக்கீசியர் அசூகர் என்கின்றனர். அது அரபியின் அஸ்ஸுக்கர். ஸுக்கர் பாரசீகத்துச் ஷகர். அதன் மூலம் நம் நாட்டுச் சர்க்கரை. அவர்கள் ஆரஞ்சை லரஞ்ஜா என்கின்றனர். அது அரபியின் நாரஞ்ச். அச்சொல்லின் வேர் நம் நாரத்தையோடு உறவுடையது என்பது மொழியறிஞர் துணிபு. எல்வாஷ் நகரமே பதின்மூன்றாம் நூற்றாண்டுவரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த நகரம். அந்நாட்டின் கடைசி முஸ்லிம் நகரங்களுள் ஒன்றான ஃபாரோ 1249இல் வீழ்ந்தது. ஆட்சி போயிற்று; சர்க்கரையின் பெயரும் எலுமிச்சையின் பெயரும் அவர்கள் நாவிலேயே தங்கிவிட்டன. அதற்கும் முன்னே, பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில், தளபதி முஹல்லப் பெயரால் வழங்கும் முஹல்லபிய்யா என்னும் பால் பண்டம் இருக்கிறது. முட்டை சேர்த்து உறையவைக்கும் வகையும் அதில் உண்டு. மலபார் மாப்பிள்ளை வீடுகளின் முட்டமாலையோ போர்ச்சுக்கீசியரின் முட்டை இழையோடு உடன்பிறப்புப் போல் ஒத்திருக்கிறது. கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்று கணக்கெழுத உட்கார்ந்தால் ஏடு போதாது.

ஆயினும் ஒன்று நிலையாக நிற்கிறது. அந்தக் கொன்ஸ்தாந்தீனுவே 1560இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து மன்னாரைப் பிடித்தவன். மன்னார் நம் கீழக்கரைக் கடலுக்கு எதிரே இருப்பது. பண்டத்தைக் கொண்டுசென்றதாகக் கூறப்படும் கையும் வாளைக் கொண்டுவந்த கையும் ஒன்றே. வாளை மறக்கவேண்டாம், அதன் கணக்கை வாளேந்தியவனிடமே விட்டுவிடலாம். தலைச்சோலையில் பசும்பாலைச் சுண்டவைத்த ஒரு பெண்ணின் மீது அக்கணக்கை ஏற்றுவது எந்த நீதியில் சேரும்? பறங்கியர் தென்னையில்லாத ஊரில் தேங்காய்ப்பாலை விட்டுப் பசும்பாலை எடுத்தனர். ராத்தாவும் தென்னையில்லாத ஊரில் அதையே செய்தார். அவர் பறங்கியரைப் பின்பற்றவில்லை; அவர்கள் பெயரையும் கேட்டதில்லை. ஒரே தேவை ஒரே வழியைக் காட்டியது; அவ்வளவே.

இறுதியாகச் சொன்னது, அவர் தம் வகுப்பில் ஏற்கெனவே ஓதியிருந்த ஒன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிடில் விட்டுவிடுவார்கள். இது புகாரியில் உள்ளது. "நீர் உண்ணாமல் இருந்ததில் யாதொரு குற்றமும் இல்லை. உண்ணாததற்குக் காரணம் கூறினீரே, அதை யாருடைய முகத்துக்கு நேரே கூறினீர்?" என்று மட்டும் கேட்டோம். பிள்ளை நெடுநேரம் பேசவில்லை. வெளியே இருட்டில் காப்பிப் பூவின் மணம் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அடுக்களையில் இருவர் குரல் கேட்டது. பேரர் முட்டையை அடித்துக்கொண்டிருந்தார்; ராத்தா, நுரை வரக்கூடாது, மெதுவாக, என்று திருத்திக்கொண்டிருந்தார். எத்தனை முட்டைக்கு எவ்வளவு பால் என்று அவர் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இதுவரை அதனை எழுதிவைத்தவர் எவரும் இல்லை. நாங்கள் அனைவரும் உண்டுதான் வந்தோம், கேட்டுவைத்ததில்லை.

மதரஸாக்களில் ஓதும் இளைஞர்கள் இக்காலத்தில் நிறையப் படிக்கின்றனர்; கையடக்கக் கருவியில் உலகத்துச் செய்தியெல்லாம் அவர்களுக்குக் கிடைக்கிறது. அது நல்லதே. ஒரு பண்டத்தின் பிறப்பை ஆராய்வோர், அது தம் வீட்டு அடுப்பில் எப்படிப் பிறந்தது என்பதையும் அடுப்பருகே நிற்பவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்வாஷ் நகரின் கன்னிமாடத்துச் செய்முறை ஏட்டில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். நம் வீட்டுப் பெரியவர்களின் செய்முறைகள் அவர்கள் கையில் மட்டுமே இருக்கின்றன. அவர்களுள் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.